ராகு காலப் பந்து

அந்தப் பந்தை முதலில் பார்த்தது நான்தான். ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒன்றரை மணி. கம்ப்யூட்டர் திரையில் யாருடைய ஜாதகக் கட்டமோ நின்றுகொண்டிருந்தது. மிளகு அளவில் ஒரு புள்ளி எங்கிருந்தோ வந்து அதற்குள் குதித்தது. திரையின் ஓரத்தில் மோதித் திரும்பியது. மேஷத்தில் நுழைந்து கன்னியில் வெளியே வந்தது. அந்த வேகத்தில் போகிற கிரகம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

"மாமா, இத்தப் பாருங்க."

மாமா பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"ராகு," என்றார்.

மாமா என்றால் எனக்குச் சொந்தம் இல்லை. மயிலாப்பூர் மாட வீதியில் கடை வைத்திருந்த ஜோசியர். ஊரே மாமா என்றது, நானும் சொன்னேன். கம்ப்யூட்டர் ஜாதகம் என்று போர்டு மாட்டினால் கூட்டம் வந்த காலம் அது. ஜோசியர் கணித்தால் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்தது. பெட்டி கணித்தால் வரவில்லை. மாமாவின் பையன் பெட்டியை வாங்கி வைத்துவிட்டு, வடக்கே வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும் முன் அதை ஓட்ட ஒரு ஆள் தேடினார்கள். நான் போனேன்.

நான் படித்தது எட்டாவது. டைப்ரைட்டிங் லோயர் எழுதித் தவறியவள். அதுவரை கிண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளில் தொங்கும் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க நின்றபடி.

"ஜோசியம் தெரியுமோ?" என்று மாமா கேட்டார்.

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவாளை வெச்சுண்டு நான் பட்ட பாடு போறும்."

அந்தக் கடையில் எனக்கு ஒரு நாற்காலி இருந்தது. தலைக்கு மேல் ஃபேன் இருந்தது. உட்கார்ந்த வேலை. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் சம்பளத்துக்கு உட்கார்ந்ததில்லை. என் வீட்டுக்காரன் ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் உட்காருவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

மாமாவின் கடையில் ராகு காலத்துக்கு என்று ஒரு சட்டம் இருந்தது. அது தொடங்கும் நொடியில், செய்ததைப் பெட்டிக்குள் சேமித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு பெட்டியை அணைக்கவும் கூடாது, எதுவும் அடிக்கவும் கூடாது. ஒன்றரை மணி நேரம் அது சும்மா எரியும். ராகு காலம் முடிந்ததும் ஒருமுறை அணைத்து, புதிதாகப் போட்டு ஆரம்பிப்போம். இதற்காகவே மாமா தன் கடிகாரத்தை தினமும் ரேடியோவோடு ஒத்துப் பார்ப்பார். அந்தப் பழைய பெட்டிக்குள் கடிகாரம் தானாக ஓடாது. காலையில் போட்டதும் மணி என்ன என்று கேட்கும். மாமா சொல்வார், நான் அடிப்பேன். மயிலாப்பூரிலேயே சரியான மணி காட்டிய கம்ப்யூட்டர் அதுவாகத்தான் இருக்கும். அதனால் வந்த வினை பின்னால் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குப் பந்து வந்தது. சனிக்கிழமை ஒன்பதுக்கு வந்தது. செவ்வாய் மூன்று மணிக்கு வந்தது. திங்கள் ராகு காலம் கடை திறக்கும் முன்பே தொடங்கிவிடும், அன்று பந்துக்கு லீவு. வந்தால் ராகு காலம் முழுக்க ஆடும். முடிந்து பெட்டியை அணைத்துப் போட்டால் போயிருக்கும்.

முதலில் மாமாவுக்குப் பெருமைதான். "பாத்தியா, பஞ்சாங்கத்தை இது தானாவே புரிஞ்சுண்டுடுத்து," என்றார். பெட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

அடையாற்றிலிருந்து ஒருவர் பெண் ஜாதகம் எடுக்க வந்தார். ராகு காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று மாமா அவசரப்படுத்தினார். முடியவில்லை. சட்டப்படி சேமித்தேன். பந்து குதித்தது. நேராகப் பெண்ணின் ஏழாம் வீட்டில், கல்யாணத்தைச் சொல்லும் வீட்டில், போய் முட்டியது.

"என்ன சார் அது, களத்திர ஸ்தானத்துல?"

"ஒண்ணுமில்லை. மெஷின்ல தூசி."

"தூசி ஓடுமா சார்? பாருங்கோ, மறுபடி முட்டறது!"

அவர் எழுந்து போய்விட்டார். போனவர் சும்மா போகவில்லை. ஏழாம் வீட்டில் பந்து விழுந்த கதை தெப்பக்குளத்தைச் சுற்றி வந்தது. கல்யாணத்துக்குப் பார்ப்பவர்கள் எதிர்க் கடைக்குப் போனார்கள். எங்கள் கடைக்குப் பந்து பார்ப்பவர்கள் வந்தார்கள். ராகு காலத்துக்குச் சற்று முன்னால் வந்து நிற்பார்கள். ஒருவர் வேர்க்கடலையோடு வந்தார்.

தி. நகரிலிருந்து ஒரு என்ஜினியரை வரவழைத்தார் மாமா. டை கட்டிய ஆள். பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"இது ராகுவும் இல்ல கேதுவும் இல்ல சார். வைரஸ். ஃபிளாப்பி வழியா உள்ள வந்து உக்காந்திருக்கு. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா போட்டா சரியாயிடும்."

"மொத்தமான்னா? உள்ளே இருக்கற ஜாதகமெல்லாம்?"

"அதுவும் போயிடும்."

"ஊர்ல இருக்கறவா ஜாதகத்தை எல்லாம் கூண்டோட அழிக்கறதுக்கு நீ என்ன எமனா? காபி சாப்பிட்டுக் கிளம்பு."

அவர் காபி குடித்துவிட்டுக் கிளம்பினார். படி இறங்கும்போது பின்னாலேயே போய், வேறு வழி உண்டா என்று கேட்டேன். பெட்டியின் வாயில் செருகுகிற தகடான ஃபிளாப்பியின் ஓரத்தில் சதுரமாக ஒரு வெட்டு இருக்கிறதே, அதை ஸ்டிக்கர் ஒட்டி மூடினால் உள்ளே எதுவும் நுழையாது என்றார். நோய் படாத ஒரிஜினல் ஃபிளாப்பியால் பெட்டியைத் தொடங்கி, ஒரு வரி அடித்தால் வைரஸ் உட்கார்ந்த இடம் மட்டும் சுத்தமாகவும் வாய்ப்பு உண்டு என்றார். வாய்ப்புத்தான், தப்பினால் எல்லாம் போகும், அவர் கை வைக்க மாட்டாராம். அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மார்கழி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம், வியாபாரம் எப்படியும் தூங்கும். மாமா முடிவு சொன்னார்.

"தை பொறந்தா முகூர்த்தம் ஆரம்பிச்சுடும். அதுக்குள்ளே இது போகலேன்னா பெட்டியை வித்துடப் போறேன். பழையபடி கையாலேயே கணிச்சுக்கறேன். நீயும் வேற எடம் பாத்துக்கோம்மா."

பெட்டி போனால் நாற்காலியும் போகும். கிண்டியில் நாற்காலி கிடையாது.

கடைப் பெட்டியில் கை வைத்துப் பழக முடியாது. தப்பி ஊர் ஜாதகம் அழிந்தால் தை வரைகூட இருக்க வேண்டியதில்லை. எனக்கென்று ஒரு பெட்டி வேண்டும். கெட்டுப்போனால் அழ ஆள் இல்லாத பெட்டி.

அதை என் வீட்டுக்காரன் கொண்டு வந்தான். ஏதோ ஆபீஸ் எடைக்குப் போட்டது, காயிலான் கடையில் கிடந்தது. கடைக்காரனின் மாமியாரை தினமும் கபாலி கோயிலுக்கு ஓசியில் கூட்டிப்போய்க் கூட்டிவருவது என்று பேச்சு. அந்த அம்மா நடை சாத்தும் வரை எழுந்திருக்க மாட்டாள். அவன் பட்ட பாடு அவனுக்கு.

கால்வாய் ஓரம் ஹவுசிங் போர்டில் எங்களுக்கு ஒரே அறை. பெட்டி வைக்க இருந்த ஒரே இடம் தண்ணீர் டிரம். அதன் மேல் பலகை போட்டு வைத்தேன். தண்ணீர் வேண்டுமானால் கம்ப்யூட்டரை இறக்க வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டுமானால் தாகம் எடுக்கக் கூடாது.

"இன்னாத்துக்குமே இது?" என்றான் வீட்டுக்காரன்.

"நோய் வர வெக்கறதுக்கு."

"யாருக்கு?"

"இதுக்கு."

"ஏம்மே, நல்லாக் கீற பெட்டிக்கு எதுக்கு நோய் வர வெக்கற?"

"வந்தாத்தான் போக்கிப் பாக்க முடியும்."

"வூட்ல குந்திக்கினு ஆஸ்பத்திரி நடத்தப் போற. சரி, நடத்து. பீஸ் வாங்கு."

பெட்டியோடு ஒரே ஒரு நல்ல ஃபிளாப்பி வந்திருந்தது. அதைப் போட்டால்தான் பெட்டி கண் விழிக்கும். கடையிலிருந்து நோய்ப்பட்ட ஃபிளாப்பி ஒன்றை டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தேன்.

நோய் வரவில்லை.

ஃபிளாப்பியைப் போட்டேன், எடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பந்து இல்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. வேண்டாத இடத்தில் கூப்பிடாமல் வந்தது, கூப்பிட்ட இடத்துக்கு வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

"இன்னாடி டிவி இது, எய்த்தாவே வருது. படமே வர்ல?"

"டிவி இல்லக்கா. நோய் வருமான்னு பாக்கறேன்."

"எம் புள்ளைங்களுக்கு ஒட்டிக்கப் போவுதுடி."

"வராது. பெட்டிக்கே வர மாட்டேங்குது."

அவள் சந்தேகத்தோடு உள்ளே போய் மிக்சியைப் போட்டாள். எங்கள் மாடியில் ஒரு வீட்டில் மிக்சி போட்டால் நாலு வீட்டில் விளக்கு மங்கும். என் பெட்டி செத்து உடனே பிழைத்தது. நோய் ஃபிளாப்பி உள்ளேயே இருந்தது. பெட்டி அதிலிருந்து தொடங்கப் பார்த்து, இது சரியில்லை, வேறு போடு என்று எழுதிக் காட்டியது. எடுத்துவிட்டு என் நல்ல ஃபிளாப்பியைப் போட்டேன். தொடங்கியது. மணி கேட்டது.

"யோவ், மணி இன்னா?"

"சோறு துன்ற நேரம்," என்றான் வீட்டுக்காரன், கண்ணைத் திறக்காமல்.

வாய்க்கு வந்ததை அடித்தேன். சோறு போட்டுவிட்டு வந்து, ஃபிளாப்பியில் என்ன இருக்கிறது என்று ஏதோ ஒரு நேரத்தில் பார்த்தேன். பந்து குதித்தது.

எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், சந்தோஷம்தான். அப்புறம்தான் உறைத்தது, என் ஒரே நல்ல ஃபிளாப்பிக்கும் நோய் வந்துவிட்டது. என்ஜினியர் சொன்ன ஓரத்து வெட்டை நான் மூடவில்லை.

ஆனால் வழி தெரிந்தது. நோய் ஃபிளாப்பியைப் பார்ப்பதால் வராது. அது உள்ளே இருக்கும்போது பெட்டி தொடங்கினால் வரும். நிஜம்தானா என்று பார்க்கப் பெட்டியை நானே அணைத்துப் போட்டால் போதும். ஆனால் எனக்கு ஒரு பழக்கம், எது எப்படி நடந்ததோ அப்படியே செய்தால்தான் நம்புவேன்.

"அக்கா, மிக்சி போடு."

"அரைக்க ஒண்ணும் இல்லடி."

"சும்மா போடுக்கா."

"சும்மா போட்டா காயில் எரிஞ்சிடும். இரு, தேங்கா ஓடைக்கறேன்."

அந்த வாரம் அவர்கள் வீட்டில் மூன்று வேளையும் சட்னி. அவள் புருஷன் என்னை முறைத்தான்.

இன்னொன்று பாக்கி இருந்தது. பந்து வந்தபோது ராகு காலம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு ராகு காலம் சாயங்காலம் நாலரைக்கு. நான் பார்த்தது சோற்று நேரம். பெட்டியிடமே மணி கேட்டேன். அது இரண்டு மணி சொச்சம் என்றது. நான் அடித்த பொய் மணியில் இரண்டு அடித்தபோது பந்து வந்திருக்கிறது.

அணைத்துப் போட்டேன். மணி கேட்டதும் எட்டு ஐம்பத்தொன்பது என்று அடித்தேன். ஒன்பதைத் தொடும்போது ஃபிளாப்பியை ஓட விட்டேன். பந்து. அணைத்தேன். மூன்று இருபத்தொன்பது அடித்தேன். மூன்றரைக்கு ஃபிளாப்பியைத் தொட்டேன். பந்து.

அவ்வளவுதான். பெட்டியின் மணி அரையிலோ முழுசிலோ நிற்கும் நேரத்தில் ஃபிளாப்பியையோ பெட்டிக்குள் சேமிக்கும் தட்டையோ தொட்டால் பந்து வரும். ராகு காலம் எல்லா நாளும் அரையில் அல்லது முழுசில்தான் தொடங்கும். அந்த நொடி பிசகாமல் சேமிக்கச் சொன்னது மாமா. பிசகாத கடிகாரம் வைத்திருந்தது மாமா. ராகு காலம் முடியும் வரை அணைக்காதே என்றதும் மாமா. அணைத்திருந்தால் அப்போதே போயிருக்கும். வேறு கடையாக இருந்தால் ஆண்டுக்கு இரண்டு முறை வந்திருக்கும். எங்கள் கடைக்கு வேலைக்கு வருவது போல வந்தது.

"ராகு காலம் எப்போ ஓணும் சொல்லு," என்றேன் வீட்டுக்காரனிடம்.

"இப்போ."

வரவழைத்துக் காட்டினேன். அவன் கீழே போய் ஸ்டாண்டு ஆட்களை எல்லாம் கூட்டி வந்துவிட்டான். "இன்னா நைனா, உங்க வூட்ல ராகு குடி வந்துட்டாராமே, வாடகை தர்றாரா?" என்றான் ஒருவன்.

காரணம் தெரிந்துவிட்டது. சுத்தம் செய்ய நல்ல ஃபிளாப்பி இல்லை. கடையில் இருந்ததெல்லாம் நோய்ப் பெட்டியில் போய் வந்தவை. ஒன்று மட்டும் போகவில்லை. பெட்டி வாங்கியபோது கூட வந்த ஒரிஜினல். முதல் நாள் ஒருமுறை போட்டதோடு சரி. புதுப் பொருள், லட்சுமி என்று மாமா அதை மஞ்சள் துணியில் சுற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். ஆயுத பூஜைக்குக்கூட அதை வெளியே எடுப்பதில்லை, அலமாரியிலேயே பூப் போடுவார்கள்.

கேட்டேன். முடியாது என்றார்.

"சாமிகிட்டே இருக்கறதை எடுத்து நோயாளி வாயிலே வெக்கச் சொல்றியா?"

"ஒரு வாட்டி எங்க வூட்டுக்கு வந்து பாருங்க மாமா. அப்புறம் சொல்லுங்க."

ஞாயிறு காலையில் வீட்டுக்காரன் ஆட்டோவில் கூட்டி வந்தான். மாமா மூன்று மாடி ஏறினார். மூச்சு வாங்கியது. உட்கார இடம் இல்லை. வீட்டுக்காரன் கீழே ஓடிப்போய் ஆட்டோ சீட்டைக் கழற்றிக் கொண்டு வந்து போட்டான்.

"கொஞ்சம் தீர்த்தம் கெடைக்குமோ?" என்றார்.

"தண்ணி கம்ப்யூட்டருக்கு அடியில கீது சாமி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

பொறுத்துக்கொண்டார். நான் மணியை அடித்தேன். ஒன்றரை ஆக்கினேன். பந்து வந்தது. மாமா தன் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பத்து தாண்டிக் கொஞ்சம்.

"இது எந்த ஊர் ராகு?" என்றார்.

அவர் சீட்டை டிரம்முக்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

"எமகண்டம் போடு. பன்னண்டு."

போட்டேன். வந்தது.

"குளிகை? மூணு மணி."

வந்தது.

"நல்ல நேரம் வை. ஏழரை."

வந்தது.

"பத்தே கால் போடு."

வரவில்லை.

மாமா யோசித்தார். "ராகுன்னா நல்ல நேரத்துல வரப்படாது. இதுக்கு ஒரு பாகுபாடும் இல்லை. கால் மணின்னா மட்டும் ஆகலே." எழுந்தார். வேட்டியைத் தட்டிக்கொண்டார். "அது அரையும் முழுசும் பாத்து வரது. நாம அரையும் முழுசும் பாத்துக் கூப்பிடறோம். வெளியிலே சொல்லாதே. அடுத்த ஞாயித்துக்கிழமை எடுத்துண்டு போ. சாயங்காலம் விளக்கேத்தறதுக்குள்ளே அலமாரிக்கு வந்துடணும்."

நான் கேட்டது அந்த ஃபிளாப்பியைத்தான். வாங்கியாயிற்று.

மாமா தந்த ஃபிளாப்பியில் மஞ்சள் வாசனை அடித்தது. இந்த முறை ஓரத்து வெட்டை மூடாமல் விடவில்லை. ஸ்டிக்கர் எங்கே வாங்குவது? என் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தேன். சின்னப் பொட்டு போதவில்லை. மெரூன் கலர் பெரிய பொட்டு, மடித்து ஒட்டினால் சரியாக மூடியது. மிக்சி போடாதே என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கும்பிட்டுக் கேட்டு, அன்று அம்மியில் அரைக்கச் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நாள் முழுக்கப் பழகினேன். சுத்த ஃபிளாப்பியில் தொடங்குவது. நோய் ஃபிளாப்பியை இரண்டாவது வாயில் போடுவது. என்ஜினியர் சொன்ன ஒரு வரியை அடிப்பது. அந்த நோய் ஃபிளாப்பியை எடுத்து, அதிலிருந்தே பெட்டியைத் தொடங்கி, பொய் மணி வைத்துக் கூப்பிட்டுப் பார்ப்பது. வரவில்லை. உள்ளே இருந்ததெல்லாம் இருந்தது. இன்னொன்றைக் கெடுத்துச் சுத்தம் செய்தேன். ஒரே ஒரு நோய் ஃபிளாப்பியை மட்டும் கருப்புப் பொட்டு வைத்து அப்படியே விட்டேன். விளக்கு வைக்கும் முன் மாமாவின் பொருள் அலமாரிக்குத் திரும்பிவிட்டது.

"பொட்டு மொத்தமும் பெட்டிக்கே போவுதே, உன் நெத்திக்கு?" என்றான் வீட்டுக்காரன்.

"ஒண்ணு கீது."

கடைப் பெட்டிக்கு மாமா புதன்கிழமை காலையில் நேரம் குறித்தார். தை பிறக்க அதிக நாள் இல்லை. மஞ்சள் துணியோடு ஃபிளாப்பியைக் கொண்டு வந்து தட்டில் வைத்து நீட்டினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"அழிஞ்சுதுன்னா நான் பாக்க வேண்டாம். ஆனதும் சொல்லு."

துணியைப் பிரித்தேன். வாயில் வைக்கப் போனவள் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். வழுக்கியது. பொட்டு இல்லை. வெட்டு திறந்து கிடந்தது. அதன் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் புதிதாக இருந்தன.

"மாமா, இதுல ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேனே?"

"அதுவா? மாமி பாத்துட்டா. யாரோ வெச்சுண்ட பொட்டு மாதிரி இருக்கு, பூஜை சாமான்ல இதென்ன அசிங்கம்னு பிச்சுப் போட்டுட்டா. பதிலுக்கு நல்லதா குங்குமம் வெச்சிருக்கா. ஏன், போறாதோ?"

போதாது. அப்படியே போட்டிருந்தால் நோய் இதற்கும் போயிருக்கலாம். அப்புறம் ஊரில் நல்ல ஃபிளாப்பி கிடையாது, எனக்கு நாற்காலி கிடையாது. அட்டை வீட்டில் இருந்தது, அதுவும் காலி. நெற்றியில் இருந்ததைப் பிய்த்தேன். மடித்து வெட்டை மூடினேன். நகத்தால் அழுத்தினேன். பெட்டியை முழுதாக அணைத்தேன். ஃபிளாப்பியைப் போட்டுத் தொடங்கினேன்.

மணி கேட்டது. கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காக அடித்தேன். பழக்கம்.

அந்த ஒரு வரியை அடித்தேன். பெட்டி கரகரவென்று கொஞ்ச நேரம் அரைத்தது. மாமா சுவரைப் பார்த்தபடி ஏதோ முணுமுணுத்தார். அரைப்பது நின்றது. ஆயிற்று என்று ஒரு வரி வந்தது. ஃபிளாப்பியை எடுத்துவிட்டு, பெட்டியை அதன் சொந்தக் காலில் தொடங்கினேன். ஜாதகங்களைக் கூப்பிட்டேன். அடையாற்றுப் பெண் வந்தாள். ஏழாம் வீடு சுத்தமாக இருந்தது. அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வரிசையாக இருந்தார்கள்.

"திரும்புங்க மாமா. எல்லாம் கீது."

திரும்பியவர் திரையைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ! என்னம்மா இது? உன் ஆத்துக்காரனுக்கு என்ன ஆச்சு?"

"வாசல்ல பீடி குடிச்சிக்கினு கீறாரு மாமா. பொட்டு ஃபிளாப்பியில கீது."

வாசலை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தார்.

அன்று ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு. வழக்கமான கூட்டம் வந்து நின்றது. வேர்க்கடலைக்காரரும் வந்தார். மாமா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"இப்போ."

சேமித்தேன். கையை எடுத்தேன்.

கட்டம் சும்மா நின்றது. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஃபேன் சுற்றியது. ஒரு கிரகமும் அசையவில்லை.

"எங்க சார் பந்து?" என்றார் வேர்க்கடலைக்காரர்.

"சாந்தி பண்ணியாச்சு," என்றார் மாமா.

"அடடா. நேத்தே வந்திருக்கணும்." அவர் மீதிக் கடலையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். கூட்டமும் போனது.

மாமா பெட்டியின் மேல் இருந்த காய்ந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குப்பையில் போட்டார். "பெட்டி இருக்கட்டும். தைக்கு நிறையப் பேர் வருவா. நீ சீக்கிரம் வந்துடு," என்றார். மறுநாளே மாமி எனக்கு ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு கொடுத்தனுப்பினாள், பெரிய சைஸ், மெரூன்.

தையில் கூட்டம் வந்தது. உட்கார்ந்தே வேலை பார்த்தேன். பந்து மறுபடி வரவில்லை. யாராவது ஃபிளாப்பி கொண்டு வந்தால் முதலில் என் வீட்டு டிரம்முக்குப் போய்விட்டுத்தான் கடைக்குள் நுழையும். அது மாமா போட்ட புதுச் சட்டம்.

ஆனால் ராகு காலம் தொடங்கும்போது மட்டும் மாமா எழுந்து வந்து திரையைப் பார்ப்பார். நான் சேமிப்பேன். கட்டம் சும்மா இருக்கும். கொஞ்ச நேரம் நிற்பார். முகம் லேசாகத் தொங்கும்.

ஒரு வியாழக்கிழமை அப்படி நின்றவர், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு கேட்டார்.

"அது உங்க ஆத்துல இருக்கோல்லியோ?"

"கீது மாமா. கருப்புப் பொட்டு ஃபிளாப்பியில."

"சௌக்கியமா இருக்கா?"